கீமோ தொடங்க முதல் யாரிடம் எதைக் கேட்பது

எனக்கு மார்புப் புற்றுநோய், கீமோ மருந்து ஏற்ற வேண்டும் என்று சொன்னதும் கொழும்பில் எல்லோரிடமிருந்தும் ஒரு கதை வந்தது. வெள்ளவத்தை மாக்கெட்டில் மரக்கறி விற்கிறவர் தொடக்கம் கனடாவில் இருக்கும் மச்சாள் வரைக்கும் யாரோ ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பார்கள். அந்த யாரோ ஒன்றில் ஆறு மாதத்தில் செத்துப்போயிருப்பார், இல்லையென்றால் ஏதோ இலையை அவித்துக் குடித்து முழுச் சுகமாகியிருப்பார். இரண்டு கதையாலும் எனக்கு ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. மருந்து ஏற்றிய இரவு கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி வைக்க வேண்டுமா? எந்தக் கிழமை வேலைக்குப் போகலாம்? சிறுநீர் சிவப்பாகப் போனால் அது இரத்தமா மருந்தா? எனக்குத் தெரிய வேண்டியிருந்தவை இவைதான்.

சொல்லித் தந்தவர் தெஹிவளையில் இருக்கும் ஒரு அக்கா. மார்புப் புற்றுநோய்க்கு அவர் கீமோ எடுத்தது 2022இல், பெட்ரோல் வரிசையும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டும் இருந்த காலத்தில். கிருமியை எதிர்க்கும் இரத்த வெள்ளணுவைக் கூட்டப் போடும் பில்கிராஸ்டிம் ஊசியை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். பிரிட்ஜ் பாதி நாள் செத்துக் கிடந்த வீட்டில் அவர் அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, துவாயால் சுற்றி, மீன்காரரிடம் வாங்கிய ஐஸோடு ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். துவாய் எதற்கென்றால் ஐஸ் நேரே பட்டு மருந்து உறையக் கூடாது. இப்படி விபரமாகச் சொல்லக்கூடிய ஆளைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

அக்கா முதலில் வாங்கச் சொன்னது ஒரு சீஆர் கொப்பி. நடுவில் கோடு கீறி ஒரு பக்கம் டொக்டருக்கு, மறுபக்கம் தனக்கு என்று கேள்விகளைப் பிரித்து எழுதச் சொன்னார். "நான் உங்கட டொக்டர் இல்லை பிள்ளை. வாளியைப் பற்றிக் கேளுங்கோ, சொல்லுறன். குளிசையைப் பற்றிக் கேட்டா, மற்றப் பக்கத்தைப் பாருங்கோ எண்டுதான் சொல்லுவன்." அந்த எல்லையை அவர் ஒரு நாளும் தாண்டவில்லை. அதனால்தான் அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் நான் நம்பினேன்.

டொக்டர் பக்கத்தில் எழுதியவை: எனக்கு என்னென்ன மருந்து, எத்தனை தடவை, எத்தனை நாள் இடைவெளி. கட்டியின் பரிசோதனையில் ஹோர்மோனைப் பிடித்து வளரவைக்கும் ஏற்பி இருந்ததா, ஹெர்-2 என்கிற புரதம் கூடுதலாக இருந்ததா. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எப்போது (அட்ரியாமைசின் என்கிற சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் முதலே பார்ப்பார்கள்). ஹெப்பட்டைட்டிஸ் பி சோதனை தேவையா. பிரஷர் குளிசையைத் தொடரலாமா. இரவில் ஏதும் நடந்தால் எந்த இலக்கத்துக்கு எடுப்பது. கிளினிக்கில் எனக்கு முன்னால் ஐம்பது பேர், பின்னால் ஐம்பது பேர் இருக்கிற மாதிரி ஒரு கூட்டம். டொக்டருக்கு என்னோடு கதைக்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டால் அந்தச் சில நிமிடங்களே போதும். தலையைக் குனிந்துகொண்டு "எல்லாம் சரிதானே டொக்டர்" என்றால் அவரும் "ஓம், சரி" என்றுதான் சொல்லுவார்.

ஒரு கேள்வி எனக்குத் தேவைப்படவில்லை, ஆனால் எல்லா இளம் பெண்களுக்கும் சொல்ல வேண்டியது. இனிப் பிள்ளை பெற விருப்பம் இருந்தால் அதை முதல் மருந்துக்கு முன்னால் கேட்க வேண்டும். கீமோ சூலகத்தைப் பாதிக்கலாம். தொடங்கிய பிறகு செய்யக்கூடியது குறைவு. ஹட்டனிலிருந்து வந்த ஒரு தங்கச்சி, கலியாணம் முடிக்காத பிள்ளை, இதைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தாள். அக்கா அவளோடு உள்ளே போய்ப் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். கேள்வியை அவளே கேட்டாள்.

வீட்டு ஆயத்தம் பெரிதாக ஒன்றுமில்லை. பல்லில் சொத்தை இருந்தால் முதலே பார்க்க வேண்டும், பிறகு வாயெல்லாம் புண்ணாகும் நேரத்தில் பல்லைத் தொட முடியாது. நல்ல டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒன்று. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புக்கரைசல் பக்கெற்றுகள். மெல்லிய பல்துலக்கி. கழுத்துக்குக் கீழே தொங்கிய முடியை முதலே தோளுக்கு மேலே வெட்டிவிட்டேன். கொத்தாக உதிரும்போது நீள முடியை விடக் குட்டை முடியைக் கூட்டுவது சுகம். செட்டியார் தெருவில் நான் கணக்கு எழுதும் நகைக்கடை முதலாளியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மருந்துக் கிழமை வரமாட்டேன், இரண்டாம் கிழமை வீட்டிலிருந்து முடிந்ததைச் செய்வேன், மூன்றாம் கிழமை வருவேன் என்று. மனிதர் ஒத்துக்கொண்டார். நோயை மறைத்திருந்தால் நகைக் கூட்டத்துக்குள் வைரஸ் காய்ச்சலோடு வருகிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து காசு எண்ணியிருப்பேன்.

மருந்து நாள். மார்புப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் ஒரு முறை, அட்ரியாமைசினும் சைக்ளோபொஸ்பமைட்டும் சேர்த்து மூன்று கிழமைக்கு ஒரு தடவையாக நான்கு, அதன்பின் பக்லிடாக்ஸல் கிழமைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு. எனக்கும் அதுதான். ஒவ்வொரு தடவையும் முதலில் இரத்தம் பார்த்து, வெள்ளணு போதுமானதாக இருந்தால்தான் ஏற்றுவார்கள். குறைந்திருந்தால் பிந்தும். பிந்தினால் நோய் ஓடிவிடும் என்று பயந்து அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கிழமை பிந்துவது அடிக்கடி நடப்பதுதான். எனக்கு ஒரு தடவை பிந்தியது வெள்ளணுவால் கூட இல்லை. ஒரு தனியார் ஆய்வுகூடம் ரிப்போட்டை நேரத்துக்குத் தரவில்லை. அதன் பிறகு ஒரு நாள் முன்னதாகவே இரத்தம் கொடுக்கத் தொடங்கினேன்.

முன் நாள் நிறையத் தண்ணீர் குடித்தால் நரம்பு இலகுவாகப் பிடிபடும். ஊசி குத்த முதல் கையைச் சுடுதண்ணீர்ப் போத்தலில் கொஞ்ச நேரம் வைத்திருப்பது அக்காவின் உபாயம். கமக்கட்டில் நிணநீர் முடிச்சுகள் எடுத்த பக்கத்துக் கையைக் கொடுக்கக் கூடாது. மிஸ்மார் (தாதிமார்) கேட்பார்கள், கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். கை தளர்ந்த, முன்னால் திறக்கிற சட்டை. ஒரு சால்வை, ஏசி குளிர். வெறும் வயிற்றோடு போகாமல் இரண்டு இடியப்பமும் சொதியும்.

அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. சிவப்பு மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தசையையே அரித்துவிடும். ஊசி போட்ட இடம் எரிந்தாலோ வீங்கினாலோ அந்த நொடியே சொல்ல வேண்டும். நம் பெண்கள் சொல்லமாட்டார்கள். "அவை வேலையா நிக்கினம், ஏன் கரைச்சல் குடுப்பான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். சிங்களம் தெரியாதவர்களுக்கு இன்னும் கஷ்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மகளோடு தங்கியிருக்கும் அம்மாமார், தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாம் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை வாங்கில் வாயை மூடிக்கொண்டு இருப்பதைப் பார்க்கலாம். எனக்குக் கடைச் சிங்களம் நன்றாக வரும், விலை பேசுவேன். ஆனால் வருத்தத்தைச் சொல்கிற சிங்களம் வேறு. அக்கா தன் போனில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: மிஸ், அத்த தனவா, கை எரிகிறது. உண தியெனவா, காய்ச்சல் இருக்கிறது. மம கீமோ கன்னவா, நான் கீமோ எடுக்கிறேன். இந்த மூன்றையும் ஒரு மட்டையில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ போகும். அது மருந்தின் நிறம்தான். அந்த 48 மணித்தியாலமும் டொய்லெட் மூடியை மூடி இரண்டு தடவை ஃப்ளஷ் பண்ண வேண்டும், வாந்தி வாளியைக் கழுவுகிறவர் கையுறை போட வேண்டும். வாளி தேவைப்பட்டதா என்றால், தேவைப்பட்டது, ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. சத்திக் குளிசையைப் பிரட்டல் வந்த பிறகு தேடாமல், எழுதித் தந்த நேரத்துக்கு முதலே போட்டுவிட வேண்டும். சத்திக்குத் தரும் ஒன்டன்செட்ரோன் மலச்சிக்கல் தரும். அதை யாரும் சொல்வதில்லை, அக்கா சொன்னார். அதோடு தரும் டெக்ஸாமெதசோன் என்கிற ஸ்டீரொயிட் நித்திரையைக் கெடுக்கும், முகத்தைச் சிவக்க வைக்கும். சீனி வருத்தம் இருக்கிறவர்களுக்குச் சீனியை ஏற்றியும் விடும், எனவே அவர்கள் முதலே டொக்டர் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி எழுதினால் முடியாது. வாயில் பழைய இரும்பைக் கவ்விக்கொண்டிருப்பது போன்ற ருசி. சில்வர் கரண்டியை விட்டுப் பிளாஸ்டிக் கரண்டிக்கு மாறினேன், கொஞ்சம் குறைந்தது. சூடான சாப்பாடு மணக்கும், ஆறியது மணக்காது. எங்கள் ஃபிளாட்டில் மூன்றாம் மாடியில் யாராவது கருவாடு பொரித்தால் ஐந்தாம் மாடியில் எனக்குக் குடல் வெளியே வரும். இவர் கீழே போய்ச் சொன்னார், அந்தம்மா அதற்குப் பிறகு என் மருந்துக் கிழமையில் கருவாடு பொரிக்கவே இல்லை. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மெல்லிய இஞ்சித் தேத்தண்ணி, செவ்விளநீர், நன்றாக அவித்த முட்டை, பருப்பு. வாய்ப்புண்ணுக்கு உப்பும் அப்பச்சோடாவும் கரைத்த தண்ணீரால் அடிக்கடி கொப்பளிப்பு. வெள்ளணு குறைந்த நாட்களில் பச்சையாக எதுவும் இல்லை: வல்லாரைச் சம்பல் இல்லை, அரைவேக்காட்டு முட்டை இல்லை, கடைச் சலாது இல்லை. பழம் என்றால் தோல் உரிக்கக்கூடியது, கழுவி உரித்தது.

இந்த இடத்தில்தான் சொந்தக்காரர் வந்து சேருவார்கள். ஒருவர் பப்பாசி இலைச் சாற்றோடு, ஒருவர் அன்னமுன்னா இலைக் கசாயத்தோடு. அன்பால்தான் கொண்டுவருகிறார்கள், ஏசவும் முடியாது. "டொக்டரிடம் கேட்டுவிட்டுக் குடிக்கிறேன்" என்று வாங்கி வைத்தேன். டொக்டர் வேண்டாம் என்றார்: என்ன மருந்தோடு எது எப்படிச் சேரும் என்று தெரியாத நேரத்தில் ஈரலுக்கு இன்னொரு வேலை கொடுக்கத் தேவையில்லை என்பது அவருடைய காரணம். அதன் பிறகு டொக்டரின் பெயரைச் சொல்லித்தான் தப்பினேன்.

காய்ச்சலுக்கு வருகிறேன். மருந்து ஏற்றி ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணு மிகவும் கீழே இறங்கி நிற்கும். அந்த நாட்களில் சூடு 38 பாகை செல்சியசுக்கு, பரனைட்டில் சொன்னால் 100.4க்கு வந்தால், விடியட்டும் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. பெனடோல் போட்டு அமர்த்தவும் கூடாது. வெள்ளணு குறைந்த உடம்பில் சீழும் வீக்கமும் வராமலே போகலாம். பல நேரம் காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். அதையும் பெனடோலால் மறைத்துவிட்டால் கிருமி சத்தமில்லாமல் இரத்தத்தில் பரவும்.

எனக்கு இரண்டாவது மருந்துக்குப் பிறகு அது வந்தது. பின்னேரம் குளிர் பிடித்தது, தெர்மோமீட்டர் 38.3 காட்டியது. மாமி கொத்தமல்லி அவிக்க அடுப்பு மூட்டிவிட்டார், கையில் இரண்டு பெனடோல். மகள் அக்காவுக்கு எடுத்தாள். வெளியே சரியான மழை, காலி வீதி அப்படியே நின்றது. அக்கா சொன்னது இவ்வளவுதான்: "ஓட்டோ தேடாதேங்கோ, 1990க்கு எடுங்கோ. கிளினிக் கொப்பியைக் கையில பிடிச்சுக்கொண்டு போங்கோ. உள்ள போனதும் முதல் சொல்லு கீமோ எண்டுதான் இருக்கோணும்." 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். போன இடத்தில் எங்களைப் பொது வரிசையில் இருக்கச் சொன்னார்கள். மகள் கொப்பியை நீட்டி அந்த வசனத்தைச் சிங்களத்தில் சொன்ன பிறகுதான் உள்ளே எடுத்தார்கள். இரத்தத்தில் வெள்ளணு அடிமட்டம். சேலைனோடு அன்டிபயோட்டிக் ஏறியது, சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமி இன்றைக்கும் அந்தக் கொத்தமல்லியைக் குடித்திருக்கலாம் என்கிறார்.

முடி முதல் மருந்துக்குப் பிறகு இரண்டு மூன்று கிழமையில் கொட்டும். அழுதேன், முடிந்தது. கொழும்புப் புழுக்கத்துக்கு விக்கை விடப் பருத்தித் துணி சுகம். மாளிகாவத்தையிலிருந்து வரும் ஒரு ராத்தா, உள்ளே மெல்லிய தொப்பி போட்டு அதற்கு மேல் சால்வையை வழுக்காமல் சுற்றும் முறையைக் கிளினிக் வாங்கிலேயே காட்டித் தந்தார். கலியாணம், பள்ளிக்கூட விழா என்று விக் வேண்டியவர்களுக்கு இந்திரா கேன்சர் டிரஸ்ட் தானமாகக் கிடைக்கும் முடியில் செய்து இலவசமாகக் கொடுக்கிறது.

இப்படி வாங்கில் சேர்ந்தவர்கள்தான் எங்கள் கூட்டம். பேர் கிடையாது, தலைவி கிடையாது, போனில் குரல் செய்தியாகப் போய்வரும். எழுத வாசிக்கக் கஷ்டப்படுகிறவர்களும் அதில் இருக்கிறார்கள், கை விறைத்து எழுத்து அடிக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். இரவு மூன்று மணிக்கு நித்திரை வராமல் ஒருவர் "ஆராவது முழிப்போ" என்று கேட்டால், டெக்ஸாமெதசோன் புண்ணியத்தில் இன்னொருவர் முழிப்பாகத்தான் இருப்பார். வீட்டில் சொல்ல முடியாததை அங்கே சொல்லலாம். மகள் உயர்தரம் படிக்கிறாள், அவளுக்கு முன்னால் நான் எப்படிச் செத்துப்போவேனோ என்று சொல்லுவேன்?

ஆனால் இப்படிப்பட்ட கூட்டம் தானாக நல்லதாக இருந்துவிடாது. எங்களுக்குள் பெரிய கெடுதல் செய்தது ஒப்பிடுதல். "அவவுக்கு ஹெர்செப்டின் குடுக்கினம், எனக்கு ஏன் இல்லை? காசில்லை எண்டு விட்டிட்டினமோ?" ஒருவர் இதைக் கேட்டுவிட்டால் நாலு பேருக்கு நித்திரை போகும். அந்த மருந்து ஹெர்-2 கூடுதலாக உள்ள கட்டிக்கு மட்டும்தான் வேலை செய்யும். டமொக்ஸிபென் ஹோர்மோன் ஏற்பி உள்ளவர்களுக்கு. ஒரே நோய்ப் பெயர், ஒரே வாங்கு, ஆனால் ஒருவரின் மருந்து மற்றவருக்கு இல்லை. அதனால் அக்கா கண்டிப்பாக இருந்தார்: மருந்தின் அளவு, ஸ்டேஜ், "எனக்கு இத்தனை வருசம் சொன்னவை" இவை மூன்றும் கூட்டத்தில் பேசக்கூடாது.

எங்களில் ஒருவர் இறந்தார். கலகலவென்று பேசுகிற மனுசி, எல்லோருக்கும் கொப்பளிக்கும் தண்ணீர் அளவு சொல்லிக் கொடுத்தவர். அந்தச் செய்தியைக் கூட்டத்தில் போடுவதா என்று அக்காவும் நானும் நிறையப் பேசினோம். மறைத்தால் அடுத்த முறை யாராவது இரண்டு நாள் பேசாமல் இருந்தாலே செத்துவிட்டார் என்று நினைப்பார்கள். அப்படியே போட்டால் அன்றைக்குத்தான் சிவப்பு மருந்து ஏற்றிப் படுத்திருக்கும் பிள்ளை தனியாக இருந்து அதைக் கேட்பாள். கடைசியில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் எடுத்தோம், பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு. மருந்து ஏற்றிய கிழமையில் இருந்தவர்களுக்கு அந்தக் கிழமை கழிந்து சொன்னோம். இது சரியான முறையோ தெரியாது, இன்னும் நல்ல முறை எங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் பாரம் தாங்காமல் இருந்த ஒருவருக்கு 1333 இலக்கத்தைக் கொடுத்தோம். அது இலவச உளவள ஆலோசனை இலக்கம். நாங்கள் நோயாளிகள், ஆலோசகர்கள் இல்லை. அதே இலக்கத்தை நடத்தும் சிசிசி அமைப்புக்கு மகரகமவில் ஒரு விடுதியும் இருக்கிறது. தூரத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர் கூட வருபவரோடு இலவசமாகத் தங்கலாம். ஹட்டன் தங்கச்சி அங்கேதான் இருந்தாள்.

பக்லிடாக்ஸல் வேறு ரகம். சத்தி குறைவு, ஆனால் விரல் நுனி விறைக்கும், நகம் கறுக்கும். சட்டைப் பொத்தான் பிடிபடாது, நகைக்கடையில் சின்ன மூக்குத்தியை எடுத்து வைக்க முடியாமல் போனது. விறைப்பை டொக்டரிடம் முதல் நாளே சொல்ல வேண்டும். கூடினால் அளவைக் குறைப்பார்கள், விட்டால் நிரந்தரமாக நிற்கலாம். குளிக்கும் தண்ணீரின் சூட்டை விரலால் பார்க்காமல் முழங்கையால் பார்ப்பது, வீட்டுக்குள்ளும் வழுக்காத செருப்பு போடுவது இரண்டும் அக்காவின் பக்கத்தில் எழுதியவை. கணக்கிலும் ஒரு மந்தம் வரும். கூட்டிய வரியையே திரும்பக் கூட்டுவேன். மருந்து முடிந்து பல மாதங்களில் மெல்ல மெல்லத் தெளிந்தது.

இப்போது என்னிடமும் ஆட்கள் கேட்கிறார்கள். கடை பூட்டிய பிறகு எடுக்கச் சொல்லுவேன். போன கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு அம்மா எடுத்தார். முதல் மருந்து ஏற்றியாயிற்று, ஒவ்வொரு செவ்வாயும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறவர், போகலாமா என்று கேட்டார். மருந்து ஏற்றிய திகதியைக் கேட்டேன். எட்டாம் நாள். செவ்வாய் வேண்டாம் அம்மா, அன்றைக்குத்தான் முழுக் கொழும்பும் அங்கே நிற்கும். மூன்றாம் கிழமை, அடுத்த மருந்துக்கு முதல், சனம் இல்லாத ஒரு காலை பார்த்து மாஸ்க் போட்டுக்கொண்டு போங்கோ, டொக்டரிடமும் ஒரு சொல் கேளுங்கோ என்றேன். சரி என்றார். தெர்மோமீட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். பேரப்பிள்ளையுடையது ஒன்று இருக்கிறது, பற்றரி இல்லை என்றார். நாளைக்கே போட்டுவிட்டு எனக்கு எடுங்கோ என்று சொல்லியிருக்கிறேன்.